ஓரியின் குளம்புகள்

முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் ஒரு குதிரையாவது குழம்பு தெறிக்க ஓடிவிடும். சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'குளம்பு' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்து, அந்த வேடிக்கையைத் துறை அறையில் சொல்லிச் சிரிப்பது எங்கள் வழக்கம். கணவன், மனைவி இருவரும் கோவையில் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்கள் என்பதால் அந்தச் சிரிப்பு வீடுவரை வரும். ளகரத்துக்கும் ழகரத்துக்கும் வேறுபாடு தெரிந்த எங்களுக்குக் குளம்பு என்றால் என்னவென்று தெரியாது என்பதை ஒரு சின்னஞ்சிறு குதிரை நோய்ப்பட்டு நின்று காட்டியது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறோம். பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்க செய்தி அன்று.

பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஈரோட்டுப் பக்கத்தவர்களுக்கு அந்தச் சந்தையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை பிடித்த சந்தை என்று ஊரார் சொல்வார்கள். காதுநுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொட நிற்கும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள், மலையிலிருந்து இறங்கிவந்த செம்மறைப் பர்கூர் மாடுகள், கம்பீரமான காங்கேயம் காளைகள் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பொரிகடலைக் கடைகளுக்கு அருகே வந்தபோது எங்கள் மகள் நின்றுவிட்டாள். அங்கே ஒரு வேப்பமரத்தடியில், அவள் மார்பளவுகூட இல்லாத ஒரு பழுப்புநிறக் குதிரை நின்றுகொண்டு அவளைப் பார்த்தது. நம்மவர்கள் மட்டக்குதிரை என்று சொல்வது. விற்பவர் 'மினியேச்சருங்க' என்றார். குள்ளக் குதிரைகளுக்கென்று 1978இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சங்கம் ஒன்று இருக்கிறது. பிடரிமயிரின் கடைசி மயிர் முளைக்கும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் விதி. எங்கள் குதிரை இரண்டு முழம், அதாவது 36 அங்குலம். அந்தச் சங்கத்தின் தேர்வில் அது இரண்டங்குலத்தில் தோற்றிருக்கும். மகளின் தேர்வில் தேறிவிட்டது.

தமிழாசிரியர் வீட்டில் பெயர் சூட்டுவது எளிய காரியமா? மகள் 'சாக்லேட்' என்றாள். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்வதை எடுத்துக்காட்டி, ஒரு வள்ளலின் குதிரைப் பெயரையே வைத்தோம். நிகண்டுகளில் ஓரி என்ற சொல்லுக்கு நரி என்றும் பொருள் உண்டு என்பது வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. மாணிக்கவாசகர் கதை தெரிந்த நாட்டில் ஒரு பரிக்கு நரி என்று பெயரிட்டவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். மகள் மட்டும் இன்றுவரை 'சாக்லேட்' என்றுதான் கூப்பிடுகிறாள். அது அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

ஓரியைக் கோவைக்குக் கொண்டுவர இயலாது. பல்லடத்துக்குத் தெற்கே, பொங்கலூர்ப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு உண்டு. எங்களில் ஒருத்திக்கு அது பிறந்த வீடு, மற்றவனுக்கு மாமனார் வீடு, மகளுக்கு அப்பிச்சி தோட்டம். அங்கே விட்டோம். ஞாயிறுதோறும் போவோம். போகும்போதெல்லாம் கையில் ஏதாவது இருக்கும். ஊறவைத்த கொள்ளு, வெல்லக் கட்டி, கேரட்டு. அப்பிச்சியோ, மாடு வளர்த்த கையல்லவா, தவிடும் மக்காச்சோள மாவும் பருத்திக்கொட்டையும் கலந்து தினமும் இரு வேளை வைத்தார். தோப்பில் அறுத்த தேங்காய்க் கீற்றைக் கண்டால் ஓரி தானே ஓடிவரும். ஆறு மாதத்தில் அதன் கழுத்து தடித்து, மேல்விளிம்பு மேடிட்டு, பார்ப்பதற்குக் கோயில் மண்டபத்து யாளிபோல் ஆயிற்று. வந்தவர்கள் எல்லாம் 'நல்லா வெச்சிருக்கீங்க' என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்தத் தோப்பின் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொட்டுநீர்க் குழாய்கள், மட்டையும் நாரும் மக்கிய மூடாக்கு, காலை வைத்தால் அமுங்கும் ஈரம். நடந்து நடந்து குளம்பைத் தேய்த்துக்கொள்ள அங்கே ஒரு கல்லும் கிடையாது. குதிரையின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். காட்டில் திரிந்தால் தேய்மானமும் வளர்ச்சியும் ஈடாகிவிடும். கட்டிவைத்து வளர்க்கிறவர்கள் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டி அரம் போட வேண்டும். இது எங்களுக்குத் தெரியாது. நம் நகத்தை வாராவாரம் வெட்டிக்கொள்கிற நாம், ஒற்றை நகத்தின்மேல் உடல் முழுவதையும் தாங்கி நிற்கிற ஒரு பிராணியைப் பற்றி அப்படி ஒரு கேள்வியைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. (ஒற்றை நகம் என்பது உருவகம் அன்று. குதிரை நிற்பது நான்கு நடுவிரல்களின் நுனியில். மற்ற விரல்கள் பரிணாமத்தில் ஒடுங்கிப் போய்விட்டன.)

ஓரியின் முன்னங்குளம்புகள் நீண்டு, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்தன. அரேபியக் கதைப் படங்களில் வரும் செருப்புபோல் இருக்கிறது என்று மகள் சொன்னாள். எங்களுக்கும் அழகாகத்தான் பட்டது. 2023 பட்டிப் பொங்கலன்று மாடுகளுக்குக் கொம்பு சீவி வண்ணம் தீட்டியபோது, கொம்பில்லாத ஓரிக்கு என்ன செய்வது என்று யோசித்து, நான்கு குளம்புகளுக்கும் செந்நிற எனாமல் பூசினோம். நிழற்படம் எடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பினோம். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. நோய் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. நுனி நீண்ட குளம்பு, தாழ்ந்த குதிகால், முன்னங்கால் இரண்டையும் கொஞ்சம் முன்னே தள்ளிவைத்த நிலை. ஒரு பனுவலை வரிவரியாகப் படிக்கக் கற்பிக்கிறவர்கள் நாங்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை அப்பிச்சியிடமிருந்து அழைப்பு வந்தது. குதிரை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, தவிடு வைத்தும் வரவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது ஓரி முன்னங்கால்களை நீட்டி ஊன்றி, உடல் பாரத்தைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி, ஏதோ பள்ளத்தின் விளிம்பில் நின்று பின்வாங்குவதுபோல் நின்றுகொண்டிருந்தது. குளம்பைத் தொட்டால் சுட்டது. கணுக்காலுக்குக் கீழே நாடி துள்ளியது. மகள் கூப்பிட்டதற்குத் திரும்ப முயன்று, ஒரு காலைத் தூக்கி, வைக்க முடியாமல் வைத்தது. அவள் அழவில்லை. 'நான் வெல்லம் குடுத்ததாலயா?' என்று கேட்டாள். அதற்கு அப்போது எங்களிடம் பதில் இல்லை. பிறகு கிடைத்த பதில், ஆம், நாம் எல்லோரும் கொடுத்ததால் என்பது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். அவர் விளக்கிய முறையில் எங்களுக்கு விளங்கியது இவ்வளவு. குளம்பின் வெளிச்சுவருக்குள்ளே கால்நுனி எலும்பு ஒன்று இருக்கிறது. அந்த எலும்பு எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. புத்தகத் தாள்போல் அடுக்கடுக்காக, ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகளால் சுவரோடு பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. மாவும் சர்க்கரையும் மிகுந்து உடம்பு கொழுத்தால், அந்த மடிப்புகள் அழன்று, பிடி தளர்கிறது. நுனி நீண்டிருந்தால் ஒவ்வோர் அடியிலும் நெம்புகோல்போல் சுவர் இன்னும் விலகுகிறது. முற்றினால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி, அடித்தோலையே துளைத்துவிடும். குள்ளக் குதிரைகளுக்கு இது அதிகம் வருகிற நோய். புல்லும் முள்ளும் தின்று பிழைக்கப் பழகிய உடம்பு அது.

வலிக்கு ஊசி போட்டார். குளிர்ந்த நீரில் காலை நிறுத்தச் சொன்னார். கணுவளவு ஆற்று மணல் கொட்டி அதில் நிற்கவைக்கச் சொன்னார். தவிடு, மாவு, வெல்லம், தேங்காய் அனைத்தையும் அன்றே நிறுத்தச் சொன்னார். 'ஆனா பட்டினி போட்டுடாதீங்க' என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். குள்ள இனம் திடீரென்று பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பெல்லாம் இரத்தத்தில் இறங்கி உயிரையே எடுத்துவிடுமாம். காய்ந்த புல்லும் சோளத்தட்டும் அளந்து வைக்க வேண்டும். கடைசியாக, 'குளம்பு வெட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். நான் மாட்டுக்கு வெட்டியிருக்கேன், குதிரைக்குக் கை பழகல. தேடிப் பாருங்க' என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணின்மேல் எங்களுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

அன்றிரவு கோவைக்குத் திரும்பும்போதுதான் மார்க்கோ போலோ நினைவுக்கு வந்தார்.

பட்டினப்பாலை நடத்தும்போது கடல்வழி வந்த குதிரைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, அங்கிருந்து பாண்டிய நாட்டுக்குத் தாவி, வெனிசு நகரத்துப் பயணி சொன்ன ஒரு செய்தியை வகுப்பில் நகைச்சுவையாகச் சேர்ப்பது எங்கள் இருவருக்கும் வழக்கம். நீலகண்ட சாஸ்திரியார் தொகுத்த, தென்னிந்தியாவைப் பற்றிய அயலார் குறிப்புகள் அடங்கிய நூலில் (1939) அது இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த போலோ சொல்வதன் சாரம் இது: ஹொர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைமுகங்களின் வணிகர்கள் குதிரைகளைக் கொண்டுவந்து பொன்னுக்கு விற்கிறார்கள். மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர் நால்வரும் அப்படியே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. குதிரையைப் பேணும் வகை இந்நாட்டாருக்குத் தெரியாது, லாடக்காரர்களும் இல்லை. வணிகர்கள் லாடக்காரரைத் தங்களோடு அழைத்து வருவதுமில்லை, வேறு யாரும் அங்கே போகவும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் இன்னொன்று சேர்க்கிறார். இங்கே குதிரைக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதில் வறுத்த வாற்கோதுமையும், நெய்யில் சமைத்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கிறார்களாம். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். 'அன்பே உருவான தமிழன் குதிரைக்கு நெய்ச்சோறு போட்டுக் கொன்றிருக்கிறான்' என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தோம். அயலார் மிகைப்படுத்தி எழுதுவது இயல்பு என்ற எச்சரிக்கையோடு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படி நடத்தியிருக்கிறோம். வெப்பமும் ஈரமும் கொன்ற குதிரைகளும் பாண்டியன் லாயத்தில் இருந்திருக்கும். ஆனால் நெய்யில் சமைத்த தானியம், லாடக்காரர் இன்மை என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, பல்லடம் சாலையில் வண்டியை ஓரங்கட்டிச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டும்தான் எங்கள் தோப்பிலும் நடந்தவை. எழுநூறு ஆண்டு இடைவெளி ஒன்றுதான் வேறுபாடு.

லாடக்காரரைத் தேடத் தொடங்கினோம். காங்கேயத்தில் கேட்டோம், தாராபுரத்தில் கேட்டோம். எங்கள் சிறு வயதில் சந்தைப்பேட்டைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் லாடம் கட்டுகிற காட்சி ஒரு விழாப்போல் இருக்கும். காளையின் உடம்பில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் அது மெல்லச் சாயும். ஒருவர் கழுத்தில் உட்கார்ந்து கொம்பைப் பிடித்துக்கொள்ள, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, கவைக்கம்பில் ஏற்றி நிறுத்தி, பிளவுபட்ட குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் பிறைபோன்ற ஒரு தகடு வைத்து ஆணி அடிப்பார்கள். மாட்டுக்கு எட்டு லாடம், குதிரைக்கு நான்கு. தார்ச்சாலையில் பாரவண்டி இழுத்த காலத்தில் அது இல்லாமல் முடியாது. வண்டி போயிற்று, லாடமும் போயிற்று. இன்று அந்தச் சொல் அதிகம் புழங்குவது காவல் நிலைய வழக்கில்தான். ('லாடம் கட்டிட்டாங்க' என்றால் உள்ளங்காலில் அடி விழுந்தது என்று பொருள்.) லகரம் தமிழில் மொழிமுதல் வராது என்பதால் சொல்லும் குதிரையைப் போலவே வெளியிலிருந்து வந்ததுதான். குதிரையை வாங்கினோம், சொல்லையும் வாங்கினோம், கைவினையை மட்டும் வெகுகாலம் வாங்காமல் இருந்திருக்கிறோம்.

பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா ஓட்டுகிற இளைஞர்கள் வழியாக ஒருவர் கிடைத்தார். எழுபதைத் தொடும் வயது. எல்லோரும் 'பாய்' என்றே கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இளமையில் தன் தகப்பனாரோடு பழனி ஜட்கா நிலையத்தில் குதிரைக்கு லாடம் அடித்தவர். இப்போது ரேக்ளா மாடுகளோடு சரி. பேருந்தில் வந்து இறங்கினார். தோளில் ஒரு சாக்குப் பை. ஓரியைப் பார்த்ததும் காலைப் பார்க்கவில்லை. முதலில் கழுத்து மேட்டை அழுத்திப் பார்த்தார், விலா எலும்பைத் தடவித் தேடினார், கிடைக்கவில்லை. அப்புறம்தான் குனிந்தார்.

"வாத்தியாரே, இத்தன நாளா மூஞ்சியவே பாத்துட்டு இருந்தீங்களாக்கும்?"

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. குளம்பின் செந்நிறத்தைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். "அம்முணி மருதாணி வெச்சு உட்டுச்சா?" என்றார். அவள் தலையாட்டினாள். "நல்லாத்தே இருக்குது. ஆனா மொத நகத்த வெட்டிப்போட்டுத்தே மருதாணி வெக்கோணும்."

சாக்கிலிருந்து வந்தவை நான்கே பொருள்கள். நுனி வளைந்த இரும்புக் கொக்கி, முனை சுருண்ட சிறு கத்தி, நீண்ட கைப்பிடிக் குறடு, முழ நீள அரம். லாடம் ஒன்றும் இல்லை. கேட்டோம். "இந்தக் குட்டிக்கு எதுக்குங்க லாடம்? வண்டி இழுக்கப் போகுதா, பந்தயம் ஓடப் போகுதா? இது பாரத்துக்கு இது குளம்பே போதும். வெட்டறதுதே வேல. அடிக்கறது இல்ல" என்றார். குதிரைக்கால் என்றவுடன் இரும்பை நினைக்கிற எங்களுக்கு இது முதல் பாடம்.

இரண்டாம் பாடம், உயரம். பெரிய குதிரைக்கு லாடக்காரர் நின்று, குனிந்து, அதன் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே வாங்கிக்கொள்வார். குள்ளக் குதிரையின் காலை அவ்வளவு உயரத் தூக்கினால் தோளும் இடுப்பும் பிசகிவிடும், அது உதைக்கும். நாம் அதைக் குறும்பு என்போம். பாய் ஒரு பலாப்பலகையை மணலில் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காலை ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்கவே இல்லை. முழங்காலுக்கு நேர் கீழே, உடம்புக்கு வெளியே இழுக்காமல் பிடித்தார். ஓரிக்கு வலி தாங்காமல் கால் நடுங்கும்போதெல்லாம் கீழே விட்டுவிட்டு வேறு காலுக்குப் போனார். நாலு காலுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் அவசரப்பட்டு நாங்கள் பார்க்கவில்லை.

கொக்கியால் அடியில் அப்பியிருந்த மண்ணையும் நாரையும் எடுத்தபோது ஒரு நாற்றம் வந்தது. ஈரத்தில் அழுகிய நாற்றம். உள்ளங்காலின் நடுவே முக்கோணமாக, ரப்பர்போல் மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது. மிதிக்கும்போது அதிர்ச்சியை வாங்குவதும் இரத்தத்தை மேலே தள்ள உதவுவதும் அதுதான். ஆங்கிலத்தார் அதை ஏனோ தவளை என்கிறார்கள். பழைய கிரேக்கர்கள் சிட்டுக்குருவி போன்ற, வால் பிளந்த தகைவிலான் குருவியின் பெயரால் அதை வழங்கினார்கள். பிளவைப் பார்த்தால் கிரேக்கரே மேலான கவிகள் என்று தோன்றுகிறது. பாயிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டோம், அகராதிக்கு ஒரு சொல் கிடைக்கும் என்ற ஆசையில். "அதாங்க, மெத்த" என்றார். தொங்கிக்கொண்டிருந்த அழுகலை மட்டும் கத்தியால் சீவினார். மெத்தையை வெட்டவில்லை.

பிறகு குறடு. நகம்போலவே வலியில்லாத பகுதி அது. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தை. வெளிச்சுவருக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வெளிர்நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு வெளியே இருப்பது உயிரற்ற கொம்பு, உள்ளே போகப் போக உயிர். ஓரிக்கு அந்தக் கோடு விரல்தடிமனுக்கு அகன்று, இளஞ்சிவப்பாகக் கசிந்திருந்தது. பாய் அதைக் காட்டி, "இதுதே உள்ளுக்குள்ள பிரிஞ்சு வந்த எடம்" என்றார். மருத்துவர் படம் வரைந்து சொன்னதை இவர் விரலால் தொட்டுக் காட்டினார். நுனியை எடுத்தார், குதிகாலைத் தொடவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் கணுவின் சாய்வும் குளம்பு முகத்தின் சாய்வும் ஒரே கோட்டில் வர வேண்டுமாம். வரவில்லை. இன்னும் நிறையவே மிச்சம் இருந்தது. இருந்தும் அரத்தை எடுத்து ஓரத்தை மழுக்கிவிட்டு எழுந்துவிட்டார்.

"அவ்வளவுதானா பாய்?" என்றோம்.

"ஆறு மாசக் கோளாற ஒரே நாள்ல வெட்டிப்போட்டா, நிக்கறதுக்குக் காலே இருக்காதுங்க. மூணு வாரம் கழிச்சு வாரேன்."

கூலியாக அவர் கேட்ட தொகையைக் கேட்டு எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. கூடுதலாகக் கொடுத்ததில் பேருந்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை வந்தார். அதன் பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை. குளம்பு முழுவதும் புதிதாக வளர்ந்து இறங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகலாம், சின்னக் குதிரைக்குக் கொஞ்சம் முன்பே ஆகும். மயிர் முடிகிற இடத்திலிருந்து புதுக் குளம்பு மெல்ல இறங்கிவருவதை எங்களால் வாராவாரம் பார்க்க முடிந்தது. அதற்கு உதவியது பொங்கலுக்குப் பூசிய எனாமல். செந்நிறத்தின் மேல்விளிம்பு ஒவ்வொரு மாதமும் சிறிது கீழே இறங்கியது. அதற்கு மேலே வண்ணம் படாத புதுக் கொம்பு. இடையில் சுருக்கம் சுருக்கமாகச் சில வளையங்கள். நோய்க் காலத்தை மரம் தன் உடம்பில் எழுதிவைப்பதுபோல் குளம்பும் எழுதிவைக்கிறது. பாய் ஒவ்வொரு தடவையும் குறடால் வெட்டிப்போட்ட துண்டுகளில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. மகள் அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். ஐப்பசி மாதத்தில் கடைசிச் சிவப்புத் துண்டு விழுந்தது.

அதற்குள் ஓரியின் இருப்பிடத்தையும் மாற்றியிருந்தோம். 'இந்த மெத்த மண்ணுல வெச்சுட்டு நானு மாசாமாசம் வந்து வெட்டி என்ன பண்றது?' என்று பாய் கேட்டதன் விளைவு. காங்கேயத்துக்கு அருகே உறவினர் ஒருவருக்குக் கொறங்காடு இருக்கிறது. கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: கிளுவை வேலி அடைத்து, வெள்வேல மரங்களை ஆங்காங்கே விட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டிருக்கும் மேய்ச்சல் நிலம் அது. நீர் பாய்ச்சுவதில்லை, உழுவதும் எப்போதாவதுதான். சரளைக்கல் கலந்த மண். காங்கேயம் மாட்டுக்கு அந்தக் கால் வந்ததே இந்தத் தரையில்தான் என்று பெரியவர்கள் சொல்வதைப் பெருமைப் பேச்சு என்று நினைத்திருந்தோம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்பைப் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன், லாயத்து முற்றத்தில் கைப்பிடி அளவு உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டி கொட்டி அதன்மேல் குதிரையை நிறுத்தச் சொல்கிறார், குளம்பு இறுக வேண்டும் என்பதற்காக. ஆணி அடித்த லாடம் அந்த நாட்டிலும் அப்போது இல்லை. அவருக்குத் தெரிந்தது அப்பிச்சிக்கும் தெரிந்திருக்கிறது. "குதிரைக்கும் அதேதானாக்கும்? மாட்டுக்குத்தான்னு இருந்துட்டேன்" என்றார். அந்த வருத்தத்தை அவர் இன்னும் முழுதாக இறக்கிவைக்கவில்லை.

வலி முற்றும் அடங்கிய பிறகு, ஆடி மாதத்தில், மெல்ல மெல்லப் பழக்கி அங்கே விட்டோம். காய்ந்த புல்லைத் தேடித் தேடி நாளெல்லாம் நடக்கிறது. விலா எலும்பு இப்போது கைக்குத் தட்டுப்படுகிறது. பார்ப்பவர்கள் 'என்னங்க, இப்படி எளச்சுப் போச்சு' என்கிறார்கள். விடியற்காலையில் கற்கள்மேல் போகும்போது இடது முன்னங்காலைச் சற்றே குறுக்கி வைக்கிறது. அது மாறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மழை பெய்து புல் துளிர்க்கும் நாள்களில் மட்டும் கட்டிவைக்க வேண்டும். இளம்புல்லிலும் சர்க்கரை உண்டு.

வகுப்பில் மார்க்கோ போலோவை இப்போதும் சொல்கிறோம். நெய்ச்சோற்று வாக்கியம் போய்விட்டது. அந்த இடத்தில் சிரிக்கிற மாணவர்களைத் தடுப்பதும் இல்லை.

சென்ற ஆண்டு பாயின் முழங்கால் விட்டுவிட்டது. சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் மேற்பார்வை பார்க்கிறார், அந்தச் சாக்குப் பையை அவர் தொட்டதே இல்லையாம். கடைசியாக வந்தபோது பாய் பலகையில் எங்களை உட்காரவைத்து, தான் நாற்காலியில் அமர்ந்துகொண்டார். குறடை எங்கள் கையில் கொடுக்கவில்லை. "அரம் மட்டும் போதும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இழுத்துட்டே இருந்தா வெட்டறதுக்கு வேலையே வராது" என்றார். அரத்தை முன்னுக்குத் தள்ளும்போதுதான் அழுத்த வேண்டும், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். எங்கள் இருவருக்கும் முதல் நாளிலேயே விரல் முட்டிகள் தேய்ந்து தோல் உரிந்தது. ஓரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், கொறங்காட்டு வெள்வேல மரத்தடியில் பலகையைப் போடுகிறோம். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் அரம் போடுகிறோம். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட மகள் ஒவ்வொரு குளம்பையும் முன்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம் என்று மூன்று படம் எடுத்துப் பாயின் வாட்சாப்புக்கு அனுப்புகிறாள். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வரும். சென்ற வாரம் வந்தது:

"டீச்சரம்மா, முன்னங்கால் எடது, உள்பக்கம் இன்னும் ரெண்டு இழுவ வேணும். வலது போதும், கைய எடுத்துருங்க. அம்முணி, அந்த மெத்தயத் தொடச்சுப்போட்டு இன்னொருக்கா படம் எடுத்து அனுப்பு. மண்ணு மூடிட்டு ஒண்ணும் தெரியல."